கல்யாணப் பெண்ணும் என் கார்புரேட்டரும்

பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டிக்கொண்டு, கழுத்தில் கல்யாண மாலையோடு, மாப்பிள்ளை என் காரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

திருச்சுழி தாண்டி நரிக்குடிக்குப் போகும் சாலை. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். உச்சி வெயில். தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. மாலையிலிருந்து உதிர்ந்த ரோஜா இதழ்கள் டிக்கி மேல் விழுந்த இடத்திலேயே சுருண்டன.

"தள்ளுங்க மாப்ள, விட்றாதீக! இன்னும் கொஞ்சம்!" என்று நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

கார் இரண்டு முறை இருமியது. அணைந்தது.

பின் சீட்டில் கல்யாணப் பெண் முத்துலட்சுமி குனிந்த தலை நிமிராமல் இருந்தாள். பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருந்த சுந்தரம் அண்ணாச்சியின் மகள். காலையில் அங்கே தாலி கட்டு முடிந்தது. நல்ல நேரத்துக்குள் நரிக்குடியில் மாப்பிள்ளை வீட்டுக்குள் அவள் காலடி வைக்க வேண்டும். அந்த நல்ல நேரம் என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில் மாமியார் ராசம்மாள். நரிக்குடியில் எண்ணெய்க் கடை. புருஷன் இறந்தபின் தனியாளாகக் கடையை நடத்தி, மகனை வளர்த்து, வீடும் கட்டியவர். கடைக்கு வரும் லாரிக்காரன்கூட அவருக்கு முன்னால் பீடியைக் கீழே போட்டுவிடுவான்.

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைக் கேட்டார்.

"ஏந் தம்பி, வண்டி காலையில இருந்தே இப்பிடித்தானா?"

நான் சொன்னேன்: "இல்லம்மா. காலையில இருந்து நல்லாத்தான் ஓடுச்சு. இப்பத்தான் என்னமோ தெரியல."

ராசம்மாள் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். மருமகளை உச்சி முதல் கால் வரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் கண்ணாடியில் பார்த்தேன்.

கடைசியில் பின்னால் வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, மாலையும் கழுத்துமாகப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிவிட்டோம். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது.

நான் சொன்னது பொய்

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பத்தியில் டாக்ஸி ஸ்டாண்டுச் சண்டையை எழுதினேன் அல்லவா? "இவ்வளவு கோபம் உடம்புக்கு ஆகாது" என்று ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். இந்த வாரம் என் கோபம் என் மேலேயே. அதற்கும் கடிதம் போடலாம்.

அந்தக் கார் காலையிலிருந்து நன்றாக ஓடவில்லை. அதற்கு முந்தின நாளும் ஓடவில்லை. அதற்கு முந்தின மாதமும்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சவாரிக்கு ஒத்துக்கொண்டேன்.

பிறகு ஏன் அப்படிச் சொன்னேன்? அப்போது நான் வாடகைக் கார் ஓட்டிய அருப்புக்கோட்டை ஸ்டாண்டில், பழுதான வண்டியில் பொண்ணை ஏற்றினான் என்று பெயர் வந்துவிட்டால் அந்த வண்டியை எவனும் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டான். பக்கத்து வண்டிக்காரனே அதை ஊதிப் பெருக்கிச் சவாரியைத் தட்டிக்கொண்டு போவான். வண்டியின் பெயரைக் காப்பாற்ற வாயில் வந்ததைச் சொன்னேன். அது ஒரு பெண்ணின் தலையில் போய் விழும் என்று யோசிக்கவில்லை.

காலையிலிருந்து நன்றாக ஓடிய வண்டி, அவள் ஏறியதும் நின்றது. நான் சொன்னதற்கு அதுதான் அர்த்தம்.

மெதுவாகப் போக முடியாத கார்

இன்றைய பிள்ளைகளுக்குக் கார்புரேட்டர் தெரியாது. இப்போது வரும் கார்களில் அது இல்லை. பெட்ரோலையும் காற்றையும் அளவாகக் கலந்து எஞ்சினுக்கு ஊட்டுகிற சாமான். சொம்பு அளவு இருக்கும்.

அதற்குள்ளே ஒரு தகடு திறந்து மூடும். அந்தத் தகட்டைத் தாங்கும் கம்பி தேய்ந்துவிட்டால் இடுக்கு வழியாக வேண்டாத காற்று உள்ளே புகும். வேகமாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தைக் குறைத்தால் எஞ்சின் அணைந்துவிடும். கல்யாணக் காரின் வேலையே மெதுவாகப் போவதுதான்.

அன்றும் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. வேகத்தைக் குறைத்தேன். அணைந்தது. நடந்தது அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துத் தூசி அப்படி. பழைய அம்பாசடர், எனக்கு முன்னால் இரண்டு பேர் ஓட்டிய வண்டி. கரிசல் காட்டுப் புழுதியை வருஷக்கணக்காகத் தின்று அந்தக் கம்பி தேய்ந்து போயிருந்தது. ஆனால் ஸ்டாண்டில் யாரைக் கேட்டாலும் "சூடுப்பா, வெயிலுப்பா" என்பார்கள். பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரச் சாக்கைச் சுற்றச் சொல்வார்கள். நானும் சுற்றினேன். ஒரு கோடை முழுக்க என் எஞ்சின் ஜுரம் வந்த ஆள் மாதிரி ஈரத்துணியோடு திரிந்தது. ஒரு பிரயோஜனமும் இல்லை.

மெக்கானிக் அய்யாச்சாமி கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி, ரப்பரையும் ஊசியையும் மட்டும் மாற்றிக் கொடுத்தான். மூன்று முறையும் பத்து நாள் ஓடியது. பதினோராம் நாள் பழைய குணம்.

அடுத்த பஸ்

கல்யாணம் நடந்து ஒரு வருஷம் போல ஆகியிருக்கும். சோப்பு வாங்கச் சுந்தரம் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் சோப்பை எடுத்து வைத்தார்.

"மக நல்லா இருக்காளா அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இருக்கா. ஏழு மாசம்."

"நல்ல சேதிதானே?"

அவர் தராசுத் தட்டை டங்கென்று வைத்தார்.

"என்னய்யா நல்ல சேதி? அந்த வீட்டுல பாலு பொங்கி வழிஞ்சாலும் எம்மகதான், பசு கன்னு செத்தாலும் எம்மகதான். எண்ணெய் லோடு ஏத்திட்டு வந்த லாரி கவுந்துச்சாம், அதுக்கும் எம்மகதான். அவ ஏறுன பஸ்ஸுல அவுக ஏற மாட்டாக, தெரியுமா ஒனக்கு? குடும்பத்தோட கோயிலுக்குப் போனா அவுகல்லாம் ஒரு பஸ்ஸுல போயிருவாக. இவ தனியா நின்னு அடுத்த பஸ்ஸுல போகணும். வயித்துப் பிள்ளையோட!"

"மாப்பிள்ளை ஒண்ணும் கேக்கலையா?"

"அவன் எங்க கேப்பான்? அம்மா பேச்சு. அவன் கல்யாணத்தன்னிக்குக் கார் தள்ளுனதோட சரி."

அந்தச் சாலையில் நான் சொன்ன ஒரு வரி ஒரு வருஷமாக நரிக்குடியில் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ராசம்மாள் மேல் பாதி, என் மேல் பாதி.

"அண்ணாச்சி, அன்னைக்கு வண்டி கெட்டுப்போயித்தான் இருந்துச்சு. எனக்கு முன்னாடியே தெரியும்."

அவர் என்னை அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை.

"அப்ப அதை அங்க வந்து சொல்லு."

"சொல்றேன். வாயில சொன்னா மட்டும் போதாது. வளைகாப்பு முடிஞ்சு அவளைக் கூட்டிட்டு வர்றது என் வண்டியிலதான். ஓட்டிக் காட்டுறேன்."

"ஒருக்கா நீ நிப்பாட்டுனது பத்தாதாய்யா?"

"பத்தாது அண்ணாச்சி. ஓட்டிக் காட்டுனாத்தான் பழி போகும்."

தட்டு வைத்துத் தைத்த உறுப்பு

அய்யாச்சாமியிடம் போய், "ஏலே, இந்த வாட்டி ஒட்டு வேலை கிடையாது. புதுசு போடுறோம்" என்றேன்.

"இந்த மாடலுக்கு இப்பப் புதுசு வாரதில்லண்ணே. ரப்பர் மாத்தித் தாரேன், ஓடும்."

"பத்து நாளு ஓடும். ஒன் ரப்பரைக் கொண்டுபோயிக் குப்பையில போடு."

மதுரைக்கு பஸ் ஏறினேன். சாமான் கடைத் தெருவில் அரை நாள் அலைந்தேன். எல்லோரும் பாலிஷ் போட்ட பழசையே புதுசு என்று காட்டினார்கள். கம்பியை ஆட்டிப் பார்த்தால் எல்லாம் ஆடியது. ஒரு கிழவர் கடையில் மட்டும், "ஒன் மாடலுக்கு இல்ல. அதுக்குப் பின்னாடி வந்த வண்டிக்கு உள்ளது இருக்கு. ஒரு சைஸ் பெருசு. மாட்டத் தெரிஞ்சா மாட்டிக்கோ" என்று எடுத்து வைத்தார். எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தேன். வெள்ளி மாதிரி மின்னியது. கம்பியை ஆட்டினேன். அசையவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் குழந்தைக்கு ஏதோ வாங்கிப் போகிறேன் என்று நினைத்தார்.

எஞ்சினில் உள்ள துளையும் இதன் துளையும் பொருந்தவில்லை. அய்யாச்சாமிக்கு அப்போதுதான் உற்சாகம் வந்தது. முடியாது என்று சொல்லிக்கொண்டே செய்கிற ஆள் அவன். லேத் பட்டறையில் நடுவே வைக்க ஒரு அலுமினியத் தட்டு கடைந்தான். அந்தத் தட்டின் மேல் அட்டையை வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்பில் டொக் டொக் என்று தட்டியே, இடுக்கில் காற்றுப் புகாமல் அடைக்கும் கேஸ்கெட்டை வெட்டி எடுத்தான். ஆக்ஸிலேட்டர் கம்பி எட்டவில்லை. சைக்கிள் பிரேக் கம்பியை வைத்து நீட்டினான்.

மாட்டி முடித்து, சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. அய்யாச்சாமி ஒரு திருகை இப்படிக் கால் சுற்று, அப்படிக் கால் சுற்றுத் திருப்பினான். பிறகு கையிலிருந்த டீ கிளாஸை எஞ்சின் மேல் வைத்தான். டீயில் ஒரு சின்ன நடுக்கம். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"அண்ணே, தூங்குது பாருங்க எஞ்சினு" என்றான்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பந்தல்குடி ரோட்டுக்குக் கொண்டுபோனேன். ஒரு ஆட்டு மந்தையைத் தேடிக் கண்டுபிடித்து, அதன் பின்னாலேயே முதல் கியரில் ஊர்ந்தேன். பின்னால் தூத்துக்குடி லாரிகள் ஹாரன் அடித்தன. ஒரு டிரைவர் என் அம்மாவைப் பற்றிக்கூட ஏதோ சொன்னான். நான் சிரித்துக்கொண்டே ஊர்ந்தேன். கடைசி ஆடு காட்டுக்குள் இறங்கும் வரை எஞ்சின் அணையவில்லை.

நரிக்குடியில்

வளைகாப்பு நாள். நானும் சுந்தரம் அண்ணாச்சியும் மற்றச் சொந்தக்காரர்களோடு நரிக்குடிக்குப் போனோம். அண்ணாச்சியின் மனைவி ஆரத்திக்கு ஏற்பாடு செய்யப் பாளையம்பட்டியிலேயே இருந்தார். வளையல் போட்டு, சாப்பாடு முடிந்ததும் நான் பழைய கார்புரேட்டரைப் பையிலிருந்து எடுத்து ராசம்மாள் முன்னால் வைத்தேன்.

"அம்மா, கல்யாணத்தன்னிக்கு வண்டி நல்லா ஓடுச்சுன்னு சொன்னேன்ல. அது பொய்யி. நின்னது இதால. ஒங்க மருமகளால இல்ல."

அவர் அதைக் காலால்கூடத் தொடவில்லை.

"வருஷம் கழிச்சு ஒரு இரும்பைத் தூக்கிட்டு வந்து கதை சொல்றியாக்கும்? இவுக அப்பா சொல்லிக் குடுத்து வந்தியா?"

"இப்பப் புதுசு மாட்டியிருக்கேன். நீங்களே ஏறி வாங்க. ஒங்க மருமகளும் ஒரே வண்டியில வரட்டும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவருக்குப் பின்வாங்கத் தெரியாது.

"வாரேன். ஆனா ஒண்ணு. வழியில நின்னுச்சுன்னா அவ அப்பன் வீட்டுலயே இருந்துக்கிறட்டும். பிள்ளை பெத்தும் இங்க வர வேணாம்."

முத்துலட்சுமி கை நிறைய வளையலோடு தூணருகே நின்றாள். மாப்பிள்ளை கடைக்குள் போய்விட்டான்.

காரில் ஏறப் போகும்போது ராசம்மாள் நின்றார். "புதுச் சாமான் மாட்டுனியே, பூசை போட்டியா?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவுகம்மா. ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணியாச்சு." எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். உண்மையில் அவரே வந்து பானெட்டைத் திறக்கச் சொல்லி, அந்தச் சாமானுக்குக் கண்ணை மூடி ஜெபித்துவிட்டுப் போனார். நாங்களும் லேசுப்பட்ட ஆட்கள் இல்லை.

"அது ஒங்களுக்கு. நான் ஏறுறதுன்னா சந்தனம் வைக்கணும். தெற" என்றார்.

திறந்தேன். வளைகாப்புக்குக் கரைத்த சந்தனக் கிண்ணத்தைக் கொண்டுவரச் சொன்னார். நடுவிரலும் மோதிர விரலுமாக அள்ளி, பளபளவென்று இருந்த இடத்தில் மூன்று இழுப்பு, கீழே ஒரு உருண்டை, மேலே குங்குமம். கடைத் தராசுக்கு வைக்கிற மாதிரி தாராளமாக வைத்தார். எனக்கென்ன என்று மூடினேன்.

"அவ எறங்க வேணாம்"

முன்னால் சுந்தரம் அண்ணாச்சி. பின்னால் மாமியாரும் மருமகளும், நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடைவெளி. திருச்சுழி வரை கார் வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. விசிலடிக்கலாமா என்றுகூடத் தோன்றியது.

திருச்சுழி தாண்டிச் சிறிது தூரம். எஞ்சின் ஒரு முறை திக்கியது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். திக்கியது. ஓரம் கட்டுவதற்குள் அணைந்தே போனது.

சுந்தரம் அண்ணாச்சி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

"பாத்தியா? பாத்துக்கிட்டியா?" ராசம்மாள் கத்தினார். "நாய் வாலை நிமித்த வந்துட்டான் இரும்பைத் தூக்கிக்கிட்டு! அடியே, எறங்கு கீழ. நீ எறங்குனாத்தான் இது நகரும்."

முத்துலட்சுமி கதவுப் பிடியில் கை வைத்தாள்.

"அவ எறங்க வேணாம்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கருவேல மரத்திலிருந்து குருவிகள் பறந்தன. "அவ உள்ள உக்காந்திருக்கும்போதே இது ஓடணும். ஒக்காரு தாயி."

பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் வருகிறதா? வருகிறது. ஒயர் சரி. தட்டுச் சரி. கம்பி சரி. பிறகுதான் சந்தனத்தைப் பார்த்தேன். எஞ்சின் சூட்டில் காய்ந்து, சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது.

கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்க ஒரு சின்ன அறை உண்டு. அதன் மூடியில் குண்டூசித் தலை அளவு ஒரு துளை. காற்று போய்வர. அந்தத் துளையின் நேர் மேலேதான் ராசம்மாளின் உருண்டை உட்கார்ந்திருந்தது. அதில் அவர் விரல் ரேகை அச்சுக் குத்தினாற்போலத் தெரிந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தோடு வருகிற சிரிப்பு.

"அம்மா, இங்க வாங்க."

"நான் எதுக்கு?"

"வாங்கங்கிறேன்!"

வந்தார்.

"கடையில எண்ணெய் டின்னைத் தொறக்குறீக. எத்தனை ஓட்டை போடுவீக?"

"இப்ப அதுவா முக்கியம்? ரெண்டு."

"எண்ணெய் ஊத்த ஒண்ணு போதுமே. ரெண்டாவது எதுக்கு?"

"காத்துப் போகாட்டி எண்ணெய் எப்படிடா இறங்…" என்றவர் பாதியில் நிறுத்தினார். என் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தார். எட்டிப் பார்த்தார். தன் வலது கை விரல்களைப் பார்த்தார். அதில் சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது.

"குத்துறதுக்கு ஏதாச்சும் வேணும்" என்றேன்.

ஜன்னல் வழியாக வளையல் கை ஒன்று நீண்டது. தாலிச் சரட்டில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி முத்துலட்சுமி நீட்டினாள். உட்கார்ந்த இடத்தை விட்டு அவள் எழவில்லை.

துளையைக் குத்தித் திறந்தேன். துணியால் துடைத்தேன். "அண்ணாச்சி, சாவியைத் திருப்புங்க" என்றேன். அவர் திருப்பினார். கொஞ்சம் முனகியது. பிடித்துக்கொண்டது. டீ கிளாஸ் வைக்கலாம் போல ஓடியது.

நான் அதோடு விடவில்லை. விடுகிற குணம் எனக்கு எப்போதும் கிடையாது.

"இப்ப அந்த ஓட்டை மேல ஒங்க விரலை வைங்கம்மா."

"வேணாம்ப்பா."

"வைங்க."

வைத்தார். ஆக்ஸிலேட்டர் கம்பியைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தேன். ஒரு நிமிஷம் ஓடியது. திக்கியது. அணைந்தது. விரலை எடுக்கச் சொன்னேன். அண்ணாச்சி சாவியைத் திருப்பினார். ஓடியது. இந்த நேரம் முழுக்க முத்துலட்சுமி காருக்குள்ளேதான் இருந்தாள்.

"அன்னைக்கு நின்னது என்னால. இன்னைக்கு யாரால?" என்று கேட்டேன்.

"நேரமாகுது, வண்டிய எடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

பாளையம்பட்டித் தெருவுக்குள் நுழைந்ததும், வேண்டுமென்றே முதல் கியருக்கு மாற்றி, நடக்கிற ஆளுக்கும் மெதுவாக ஊர்ந்து போனேன். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. எஞ்சின் ஒரு முறைகூட இருமவில்லை.

வாசலில் முத்துலட்சுமியின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றார். முகத்தில் உயிரே இல்லை. சுற்றிலும் பத்திருபது பெண்கள்.

"எங்கயும் நிக்காம வந்தீகளா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். எல்லோருக்கும் கேட்டது.

சுந்தரம் அண்ணாச்சி தொண்டையைக் கனைத்தார். நான் வாயைத் திறந்தேன். எங்கள் இரண்டு பேரையும் முந்திக்கொண்டு, ஒரு வருஷமாக யாரும் குரலைக் கேட்டறியாத அந்தப் பெண் சொன்னாள்:

"நின்னுச்சும்மா. எங்க அத்தை சந்தனம் பூசி நிப்பாட்டிட்டாக."

தெரு அப்படியே நின்றது. ஒரு பெண் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லாக் கண்ணும் ராசம்மாள் பக்கம் திரும்பியது. அவர் காரிலிருந்து இறங்கி, சேலையை உதறி, இடுப்பில் கை வைத்தார்.

"ஆமா, நான்தான். அதுக்கு என்ன இப்ப? ஆரத்திய எடுங்க சீக்கிரம். பிள்ளத்தாச்சிய வெயில்ல நிக்க வச்சிக்கிட்டு!"